ஈய பேட்டரிக்கு மூடி போட்ட கதை

யூபிஎஸ்ஸைத் திறந்து பாத்திருக்கீங்களா? உள்ள செங்கல் மாதிரி கறுப்பா ஒண்ணு உக்காந்திருக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, சீல் வச்ச ஈய-அமில பேட்டரி. இதோட சார்ஜர் சர்க்யூட் புரியணும்னா கொஞ்சம் வரலாறு வேணும் மக்களே.

1859-ல் பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டே ரெண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி கந்தக அமிலத்துல முக்கினார். அதுதான் முதல் ரீசார்ஜ் பேட்டரி. அப்போ டைனமோ புழக்கத்துல இல்லாததால, இன்னொரு பேட்டரியை வச்சுத்தான் சார்ஜ் பண்ணணும் :-)

அதுக்கப்புறம் நூறு வருஷம் ஒரே தலைவலி. சார்ஜ் கூடினா தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா பறந்துடும். ஆனா மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தினா சரியாயிடும். சார்ஜர் சுமாரா இருந்தாலும் பேட்டரி மன்னிச்சுடும்.

1957-ல் ஜெர்மனியின் ஸோனன்ஷைன் கம்பெனியில ஓட்டோ யாஹே அமிலத்தை ஜெல்லாக்கினார். 1970-களில் அமெரிக்காவின் கேட்ஸ் கம்பெனி அமிலத்தைக் கண்ணாடி இழையில ஊற வச்சது. உள்ள வர்ற ஆக்சிஜன் திரும்பத் தண்ணியாயிடும். மூடியாச்சு, பராமரிப்பு மிச்சம். ஆனா ஓவரா சார்ஜ் ஏறினா வால்வு வழியா வாயு வெளியேறும். போன தண்ணி போனதுதான். கம்மியா ஏத்தினாலும் ஈய சல்ஃபேட் படிகமா இறுகிடும். அதாவது, மூடி போட்டதும் மொத்தப் பொறுப்பும் சார்ஜர் தலையில விழுந்துடுச்சு.

அந்தப் பொறுப்பைச் சுமக்க ஒரு சின்ன சிப் போதும்: எல்எம்317. அதே 1970-களில் நேஷனல் செமிகண்டக்டர்ல பாப் டாப்கின் வடிவமைச்சது. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் பின்னுக்கும் நடுவுல எப்பவும் 1.25 வோல்ட் வச்சிருக்கும். அங்க 240 ஓம். அட்ஜஸ்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 கிலோ ஓமும் 500 ஓம் பிரீசெட்டும். இன்புட்டுக்கு 18 வோல்ட் டிசி, சிப்புக்கு ஹீட் சிங்க். கரண்ட் போனா பேட்டரி சர்க்யூட்டுக்குள்ள திரும்பிப் பாயாம இருக்க அவுட்புட்ல ஒரு டயோடு. பேட்டரி நிறைஞ்சதும் அதோட முனையில 13.7 வோல்ட் காட்டுற மாதிரி பிரீசெட்டைத் திருப்புங்க. அவ்ளோதான்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அந்த 13.7 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 20 மில்லிவோல்ட் குறைக்கணும். 40 டிகிரியில 13.4 தான் சரி. சென்னை வெயில்ல, காத்து புகாத யூபிஎஸ் டப்பாக்குள்ள இதைக் கவனிக்காத சார்ஜர், பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமா காயவச்சே கொன்னுடும்.