செப்புத் தகட்டில் ஏறிய செடல்

பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழியைப் பார்த்து வளர்ந்த சேத்தூர், ராஜபாளையம் வாசகர்களுக்கு வங்காளத்துச் சரக் பூசையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நட்டமரம், அதன் உச்சியில் சுழலும் கழி, முதுகுத் தோலில் கொக்கி மாட்டித் தொங்கும் நேர்த்திக்காரர். நம் செடலேதான், நாளும் ஏறத்தாழ நம் பங்குனிக் கடைசிதான். அதைப் படமாக்கியவர் பல்தசார் சால்வின்ஸ். 1760இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்து, 1791இல் கல்கத்தா வந்து, பல்லக்குகளுக்கு வண்ணம் தீட்டியும் பிழைத்தவர். தகட்டை ஊசியால் தானே கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, 1790களின் இறுதியில் 250 படங்களை வெளியிட்டார்.

வெள்ளைக்காரர் சந்தைக்காகத் தீட்டிய பரபரப்பு இது, சாட்சியாகாது என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. கல்கத்தாப் பதிப்பு நஷ்டம். 1808 முதல் 1812 வரை பாரிஸில் வந்த 288 படங்கள் கொண்ட பெரும் பதிப்பும் அவரைக் காப்பாற்றவில்லை. இடையில் லண்டனில் எட்வர்ட் ஓர்ம் அனுமதி கேட்காமல் 60 படங்களை எடுத்து மெருகேற்றி அச்சிட்டார், விற்றது அதுதான். வாங்குவோர் கேட்ட அழகைச் சால்வின்ஸ் தரவில்லை என்பதே அவருக்குச் சாதகமான சான்று. மேலும், சரக் படம் தனியே நிற்கவில்லை. படகுகள், வாத்தியங்கள், பல்லக்குகள், தொழிலாளர்கள் என்று நீளும் தொகுப்பில் அதுவும் ஒன்று. பரபரப்பை நம்பியவர் இத்தனை படகுகளை வரைய மாட்டார்.

அவர் எழுதிய விளக்கங்களில் ஏளனம் உண்டே என்றால், உண்டு. எழுத்தை நம்பத் தேவையில்லை; பொறியமைப்பைக் காட்டுவதில் ஏளனம் குறுக்கிடாது. கடினமான ஆட்சேபம் வேறு: தொங்குபவர் எதற்காகத் தொங்குகிறார் என்று படம் சொல்லாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காப்புக் கட்டியதும் விரதம் இருந்ததும் தகட்டில் விழுவதில்லை. இதற்கு மாறாக, பிரேசிலின் பாஹியாவில் ஆப்பிரிக்க வழித் தெய்வங்களின் சடங்குகளை வரைந்த கரிபே, அர்ஜென்டினாவில் பிறந்தும் கண்டோம்பிளே வழிபாட்டுக்குள் பட்டம் பெற்றவர். உள்ளிருந்து வரைந்தவர் அவர். ஆனால் உள்ளிருப்பவருக்கு வரையக்கூடாதவை என்றும் சில இருக்கும். வெளியாளுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் எதற்காக என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வங்காளத்தில் கொக்கி மாட்டுவதை 1865இல் அரசு தடுத்தது. நம் பக்கம் சோழவந்தானில் 1891இலும் செடல் சுற்றினார்கள்; விருப்பத்தோடு ஏறினாரா, பிறர் ஏற்றினார்களா என்பதே அப்போதும் சர்ச்சை. அதற்கு விடை தேடிச் சால்வின்ஸின் தகட்டிடம் போகக் கூடாது. கழியையும் கயிற்றையும் பற்றிக் கேட்டால் மட்டும் அது ஒழுங்காகப் பதில் சொல்லும்.