பாண்டியன் குதிரையும் போடி குதிரையும்

குதிரை வாங்கியே கஜானாவைக் கரைத்தவர்கள் நம்ம பாண்டிய ராஜாக்கள்!

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோபோலோ, பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்லும் கணக்கு இன்னும் பெரிசு. வருஷத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்று 220 பொன் தினார். பெருக்கிப் பாருங்கள்... 22 லட்சம் தினார்!

ஏன் செத்தன? சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டு வளர்த்தார்களாம். பராமரிக்கத் தெரிந்த ஆளும் இல்லை. குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் போலோ. செத்தால்தானே அடுத்த ஆர்டர்!

அந்தப் பாண்டிய நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். மேலே ஏலக்காய் மலை. 1908-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குட்டி ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கீழே இறங்கின. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் போச்சு. 1928-ல் போடிக்கே ரயில் வந்தது. ஆனால், ரோடு ஏறாத மலைக்கிராமத்துக்குக் குதிரை முதுகுதான் லாரி. காபி, மிளகு மூட்டை இறங்கும், அரிசி ஏறும். தேர்தல் வந்தால் ஓட்டு மெஷினும் அதே முதுகில்தான்!

அந்த முதுகை உள்ளிருந்து ஒடிப்பது குடற்புழு. லத்தியோடு முட்டை வெளியே வரும். ஈரத்தில் பொரியும். பனி ஈரத்தைப் பிடித்துப் புல் நுனிக்கு ஏறும். குதிரை மேயும்... கதை மறுபடி முதலிலிருந்து! ஒரு ஜாதிப் புழுவின் குஞ்சு, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயிலேயே குடியேறும். வயிற்றுவலியில் படுத்த குதிரை சில சமயம் எழுந்திருக்காது.

இதற்கு நல்ல மருந்து ஜப்பான் மண்ணிலிருந்து வந்தது. சடோஷி ஓமுரா எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து, அமெரிக்காவின் மெர்க் கம்பெனியில் வில்லியம் கேம்பல் குழு உருவாக்கிய ஐவர்மெக்டின், 1981-ல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. குதிரைத் தோலில் இருந்த ஒருவகைப் புழுக்குஞ்சுகளை அது கொன்றதைக் கவனித்தார்கள். அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு புழுதான் ஆப்பிரிக்காவில் மனிதர்களின் பார்வையைப் பறித்துக்கொண்டிருந்தது. 1987 முதல் அவர்களுக்கும் இலவசமாகக் கிடைத்தது. 2015-ல் இருவருக்கும் நோபல்!

ஆனால், புழு லேசுப்பட்டதல்ல. கண்ட நேரத்தில் மருந்து, குத்துமதிப்பாக அரை டோஸ் என்று போனால், தப்பித்த புழு அடுத்த தலைமுறையை மருந்துக்கு அசராததாகப் பெற்றுப் போடும். அதனால் லத்தியைச் சோதித்து, முட்டையை எண்ணி, எடை பார்த்து மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். மலைக் குதிரைக்காரருக்கு, அதற்காகக் கீழே இறங்கி வருவதென்றால் ஒருநாள் கூலி போச்சு. மருத்துவர் மேலே ஏறினால்தான் கணக்கு சரியாகும்.

பாண்டியனுக்கு 2,000 குதிரை செத்தாலும் கஜானா இருந்தது. இவருக்கு இருப்பதே ரெண்டு குதிரை!