எல்.டி.ஏ.பி. தரப்படுத்தல் கூட்டங்கள்

எல்.டி.ஏ.பி. என்பது கணினி வலையமைப்பில் உள்ள பயனர்கள், கணினிகள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றின் விவரங்களைத் தேடவும் மாற்றவும் பயன்படும் நெறிமுறை ஆகும். இவ்விவரங்களைச் சேமித்து, கேட்பவருக்கு எடுத்துத் தரும் சேவை அடைவுச் சேவை எனப்படும். டெலிபோன் டைரக்டரியின் கணினி வடிவம் என்று இதனைக் கூறலாம். 1990களில் ஐ.இ.டி.எஃப். எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் கூட்டங்கள் வழியாக இந்நெறிமுறை தரமாக்கப்பட்டது.

பின்னணி

அடைவுச் சேவைக்கான முதல் பன்னாட்டுத் தரம் எக்ஸ்.500 ஆகும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆலோசனைக் குழுவும் பன்னாட்டுத் தர நிறுவனமும் இணைந்து உருவாக்கிய இத்தரம் 1988இல் வெளியானது. இதன் அணுகு நெறிமுறை அக்காலத்தின் சிறிய மேசைக் கணினிகளுக்குப் பெரும் சுமையாக இருந்தது. எனவே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிக்சி என்ற எளிய நெறிமுறை உருவாக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாக வெங்யிக் யோங், டிம் ஹோவ்ஸ், ஸ்டீவ் கில் ஆகியோர் எழுதிய எல்.டி.ஏ.பி. ஆவணம் 1993 சூலையில் ஆர்.எஃப்.சி. 1487 என வெளியானது. இரண்டாம் பதிப்பு 1995இல் ஆர்.எஃப்.சி. 1777 ஆக வந்தது.

கூட்டங்கள் திட்டமிடப்படும் முறை

ஐ.இ.டி.எஃப். ஆண்டுக்கு மூன்று முறை ஏறத்தாழ ஒரு வாரம் கூடுகிறது. முதல் கூட்டம் 1986 சனவரியில் சான் டியேகோவில் 21 பேருடன் நடைபெற்றது. புதிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புவோர் முதலில் ஓர் ஆர்வலர் அமர்வை நடத்தலாம். போதிய ஆதரவு இருந்தால் செயற்குழு அமைக்கப்படும்.

ஒரு செயற்குழுவுக்குக் கூட்ட வாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே. ஆகவே தலைவர் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். பங்கேற்போர் வரைவு ஆவணங்களைப் படித்துவிட்டு வர வேண்டும். இங்கு வாக்கெடுப்பு கிடையாது. பெரும்பாலோரின் பொது இணக்கமே முடிவாகக் கொள்ளப்படும். அரங்கில் எட்டிய முடிவும் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் உறுதி செய்யப்பட வேண்டும். பயணம் செய்ய இயலாதவரின் எதிர்ப்பும் கேட்கப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

1997ஆம் ஆண்டு எச்சரிக்கை

மூன்றாம் பதிப்பு உருவான காலத்தில் பல நிறுவனங்கள் எல்.டி.ஏ.பி. சார்ந்த மென்பொருள்களை வெளியிட விரைந்தன. ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. அடைவைப் படிப்பது வேறு, திருத்துவது வேறு. திருத்த முயல்பவர் உண்மையில் யார் என்பதைப் பாதுகாப்பாக உறுதி செய்யும் முறை எதையும் வரைவு கட்டாயமாக்கவில்லை. ஒருவரது பதிவை மற்றொருவர் மாற்றிவிட்டால் அடைவை நம்பியுள்ள பிற சேவைகளும் ஏமாறும்.

தரத்தை நிறுத்தி வைத்தால் அதனைச் சார்ந்த பிற ஆவணங்களும் தாமதமாகும். அப்படியே வெளியிட்டால் பாதுகாப்பற்ற மென்பொருள்கள் பரவும். 1997 திசம்பரில் ஆர்.எஃப்.சி. 2251 வெளியானபோது, ஐ.இ.டி.எஃப்.பின் வழிநடத்தும் குழு அதன் முகப்பிலேயே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. கட்டாய அடையாள உறுதிப்பாட்டுக்கான தரம் ஏற்கப்படும் வரை, திருத்தும் வசதியுள்ள மென்பொருள்களைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே அதன் சாரம். படிப்பதற்கு மட்டுமான பயன்பாடும் சோதனைகளும் ஊக்குவிக்கப்பட்டன.

பின்விளைவுகள்

விடுபட்ட பகுதி 2000 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 2829 மூலம் நிரப்பப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அதில் கட்டாயமாக்கப்பட்ட கடவுச்சொல் முறையும் நிலைக்கவில்லை. 2006இல் 4510 முதல் 4519 வரையிலான ஆவணங்களாகத் தரம் திருத்தி எழுதப்பட்டபோது, மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியே கடவுச்சொல்லை அனுப்பும் முறை அதன் இடத்தைப் பிடித்தது.

ஒத்திவைக்கப்பட்ட எல்லாமே முடிவுக்கு வரவில்லை. பல வழங்கிகளில் ஒரே அடைவின் நகல்களை வைத்திருப்பதற்கான பொது நெறிமுறையை உருவாக்கத் தனிச் செயற்குழு அமைக்கப்பட்டது. அத்தகைய தரம் உருவாகாமலேயே அக்குழு முடிவுற்றது. இதனால் வெவ்வேறு நிறுவனங்களின் அடைவு வழங்கிகள் இன்றும் நகலெடுப்பதற்குத் தத்தம் வழிமுறைகளையே பின்பற்றுகின்றன.