காக்கர் ஸ்பேனியல் வாங்கப் போறீங்களா? முதல்ல அந்தக் காதைத் தூக்கிப் பாருங்க!

தொங்கும் காது, உருண்டைக் கண், பட்டு மாதிரி முடி. ரீல்ஸில் ஒரு தடவை பார்த்தாலே போதும், "இந்த நாய்க்குட்டிதான் வேணும்" என்று வீட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மூலக்குளம், ரெட்டியார்பாளையம், வில்லியனூர் பக்கம் இருக்கிற அளவான வீடுகளுக்கு லாப்ரடார் பெரிசு, பக் பிடிக்கலை என்று யோசிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் காக்கர் ஸ்பேனியலில்தான்.

நல்ல தேர்வுதானா? நல்ல தேர்வுதான். ஆனா யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கு.

சோபா நாய் இல்லை, வேட்டை நாய்

புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவைகளைக் கிளப்பிவிட பிரிட்டனில் வளர்க்கப்பட்ட இனம் இது. உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த 'வுட்காக்' பறவையை வேட்டையாடியதால் 'காக்கர்' என்று பெயர் வந்தது. இங்கிலீஷ் காக்கர், அமெரிக்கன் காக்கர் என்று இரண்டு வகை உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப் 1946-ல் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்தது. இங்கிலீஷ் வகை 13 முதல் 14.5 கிலோ வரை எடை இருக்கும். அமெரிக்கன் கொஞ்சம் சிறியது, முடி மட்டும் இன்னும் அடர்த்தி.

வேட்டை ரத்தம் என்பதால் மொட்டைமாடியில் விட்டால் போதும் என்ற கதை இதுகிட்ட நடக்காது. காலையும் மாலையும் சேர்த்து ஒரு மணி நேரமாவது நடை வேணும். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். தார் ரோடு உங்க கைக்குச் சுட்டால் அதோட பாதத்துக்கும் சுடும். நடை குறைந்தால் வேகமாகக் குண்டாகும். கெஞ்சுற பார்வையில் இதை மிஞ்ச ஆள் கிடையாது, பிரியாணி மிச்சம் தட்டில் விழுவது அப்படித்தான். அதில் இருக்கும் வெங்காயம் நாய்க்கு விஷம், வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதா?

மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம். யார் வந்தாலும் வாலை ஆட்டும், அதனால் காவல் நாய் வேண்டும் என்பவர்கள் வேறு இனம் பார்க்கலாம். கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீடு என்றாலும் யோசியுங்க. தனியாக விட்டால் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், மனசு உடைந்துபோகும்.

'காக்கர் திடீர்னு வெறிபிடிச்சுக் கடிக்கும்' என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அப்படிச் சொல்லப்படும் 'ரேஜ் சிண்ட்ரோம்' மிக அரிது. அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: சாப்பாட்டுக் கிண்ணம், பொம்மை, கட்டில் என்று தனதென்று நினைப்பதை யாராவது தொட்டால் உறுமுவது. காது வலியோடு இருக்கும் நாயின் தலையைக் குழந்தை தடவினாலும் இதே கதைதான். சாப்பிடும்போது பக்கத்தில் போகாதே என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதும், சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடாமல் இருப்பதும் பெரியவங்க வேலை.

உண்மையான செலவு காதில்தான்

இந்த இனத்தின் காது நீளமாகத் தொங்கி, துளையை மூடிக்கொள்ளும். உள்ளே காற்று போகாது. காதுக்குள் மெழுகு சுரக்கும் சுரப்பிகளும் முடியும் மற்ற இனங்களைவிட அதிகம். இதோட புதுச்சேரியின் கடற்கரை ஈரப்பதத்தைச் சேர்த்துப் பாருங்க, பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேற வேற என்ன வேணும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த காதைத் துவட்டாமல் விட்டால் அடுத்த சில நாளில் வாடை வர ஆரம்பித்துவிடும்.

தலையை உதறுவது, ஒரு பக்கமாகச் சாய்ப்பது, காதைச் சொறிவது, பழுப்புக் கசடு, புளித்த வாடை: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்க. தேங்காய் எண்ணெய் விடுவது, பட்ஸ் விட்டுக் குடைவது, போன தடவை வாங்கிய சொட்டு மருந்தை மீண்டும் விடுவது மூன்றும் வேண்டாம். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கலாம். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் காதுக்குழாய் தடித்து அடைபட்டு, குழாயையே ஆபரேஷன் செய்து அகற்றும் நிலை வரும். அந்த நிலைக்குப் போகும் நாய்களில் காக்கர்கள் கணிசம்.

வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பார்ப்பது, டாக்டர் சொன்ன திரவத்தால் துடைப்பது, குளித்ததும் உலர்த்துவது போதும். வாய் குறுகிய ஆழமான கிண்ணத்தில் சாப்பாடு வைத்தால் காது வெளியே தொங்கும், சோற்றில் தோயாது. சின்ன விஷயம்தான், பலருக்குத் தெரியாது.

முடிக்குத் தினமும் சீப்பு வேணும். கூடவே உண்ணியையும் தேடுங்க. விரல் இடுக்கு, காது மடலுக்குள் ஒளிந்திருக்கும். காய்ச்சல், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

குட்டி வாங்கும்போது என்ன கேட்கணும்?

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரத்துக்குக் குறைவான குட்டியை விற்கக் கூடாது. அழகுக்காக வால் வெட்டுவதற்கும் அனுமதியில்லை. 'வால் கட் பண்ண குட்டி சார்' என்று பெருமையாகச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிடுங்க.

தாய் நாயை நேரில் பார்க்கணும். அது உறுமினாலோ பயந்து ஒதுங்கினாலோ குட்டியும் அப்படி வர வாய்ப்பு உண்டு. அதன் காதையும் முகர்ந்து பார்க்கலாம், தப்பில்லை. 'கேசிஐ பேப்பர்' என்பது வம்சாவளிச் சான்று மட்டுமே, ஆரோக்கியச் சான்று இல்லை. பார்வை இழப்பு உண்டாக்கும் விழித்திரை நோயும் இங்கிலீஷ் வகைக்கு வரும் பரம்பரை சிறுநீரக நோயும் டிஎன்ஏ பரிசோதனையில் தெரியும். பெற்றோர் நாய்களுக்குச் செய்தீர்களா என்று கேளுங்க. கேட்பவர்களைக் கண்டால் சிலருக்குப் பிடிக்காது, அதுவே ஒரு பதில்தான்.

பஸ் பார்சலில் வரும் குட்டி, வாட்ஸ்அப் போட்டோவுக்கு அட்வான்ஸ் இரண்டும் ஆபத்து. பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் சில நாள் கழித்துத்தான் வாந்தி, ரத்தப் பேதி தொடங்கும். வாங்கும்போது துள்ளிய குட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே இறந்துபோவது இப்படித்தான். குழந்தைக்குப் பேர் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதைப் புதைப்பதைப் போல் கொடுமை வீட்டில் வேறில்லை.

முதல் வாரம்

குட்டி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்க. மூலக்குளம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கு. பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை சில வார இடைவெளியில் தொடரணும். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். நாயைப் பதிவு செய்வது பற்றி உங்க நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ விசாரித்துவிடுங்க.

ஊசி போட்ட நாய்தானே என்று அதன் கடியை விட்டுவிடாதீங்க. பல் பட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

குட்டிதான் வேணும் என்று கட்டாயம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஊர் மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கு என்று வளர்ந்த காக்கரைக் கொடுத்துவிடும் வீடுகள் இருக்கு. இரண்டு மூன்று வயசு நாய்க்குக் குணம் என்ன, காது எப்படி என்பது முன்னாடியே தெரிந்துவிடும். வாங்கும்போது பழைய டாக்டர் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிக்கோங்க.