தாபரிப்புக் கட்டளை கிடைத்த பிறகும் பணம் வராவிட்டால்

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்கா, பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த நீதிமன்றக் கட்டளையை என்னிடம் காட்டினார். முழுவதும் சிங்களம். புருசன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மூன்று மாதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. "கேஸ் முடிஞ்சிருச்சே தம்பி, இனி யாருகிட்ட போறது?" என்றார்.

கேஸ் முடியவில்லை. தாபரிப்பு இப்போது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு முன்பு இருந்தது 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். பணம் நின்றால் அதே நீதவான் நீதிமன்றத்தில், அதே வழக்கு இலக்கத்தில் மீண்டும் விண்ணப்பிக்கலாம். புது வழக்குத் தேவையில்லை. நீதவான், அபராதம் அறவிடுவதைப் போல நிலுவையை அறவிடப் பிடியாணை வழங்கலாம், சம்பளத்திலிருந்து கழிக்கச் சொல்லலாம், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

சிறை என்றதும் பெண்கள் பலர் பின்வாங்குகிறார்கள். உள்ளே இருப்பவன் எப்படிச் சம்பாதிப்பான் என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனால் பிடியாணை வந்ததும் கடன் வாங்கியாவது பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பளக் கழிப்பு நல்ல வழி, ஆள் ஒரே இடத்தில் வேலை செய்தால். தோட்டத்தில் சம்பளம் பேர் விழுந்த நாளுக்குத்தான். தோட்டத்தை விட்டுக் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டால் பழைய கட்டளை அங்கே எட்டாது. புது முதலாளியின் பெயர், முகவரியை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். பணத்தைக் கையில் வாங்காமல் நீதிமன்றம் ஊடாகவே பெறுங்கள். "நான் கொடுத்தேன்" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

சொத்து வேறு விடயம். விவாகரத்தும் அதையொட்டிய சொத்துக் கட்டளையும் மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. லயன் அறை யாருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல, ஆகவே பிரித்துக் கொடுக்கவும் அதில் ஒன்றுமில்லை. 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்த குடும்பங்கள் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்ப்பது நல்லது. பிரிந்த பிறகு பார்த்தால் பிந்திவிடும்.

1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போனவர்களும் உங்களில் இருப்பீர்கள். விவாகப் பதிவும் பிறப்புச் சான்றிதழும் அப்போதே தொலைந்த வீடுகள் எத்தனை! பதிவான விவாகமென்றால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதியாத விவாகத்தில் மனைவி என்று நிரூபிப்பது கடினம், பிள்ளையின் உரிமை மட்டும் போகாது. விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் தாபரிப்புக் கொடுக்கவே வேண்டும். வழக்கை நீங்கள் குடியிருக்கும் பகுதியின் நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி மனுவைத் தமிழில் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் இதைக் கேட்பவர் குறைவு. கேட்காததால் கிடைப்பதுமில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அடையாள அட்டை, கட்டளையின் பிரதி, எந்தெந்த மாதம் பணம் வரவில்லை என்ற குறிப்பு, இவற்றோடு போங்கள்.

அந்த அக்கா புருசனின் மச்சான் மூலம் கொழும்புக் கடையின் முகவரியைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த தவணைக்கு அதை எடுத்துக்கொண்டுதான் போகிறார்.