புளியந்தீவுக் கடைத்தெருவின் ஏற்றமும் இறக்கமும்

ஒரு நாட்டின் செல்வத்தை அறிய விரும்புவோர் அந்நாட்டு மன்னனின் மாளிகையைப் பார்ப்பதிலும் மக்களின் அங்காடியைப் பார்ப்பது நன்று. நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ இளங்கோவடிகள் புகார் நகரைப் புனைந்துரைக்கப் புகுந்தபோது, மருவூர்ப்பாக்கத்தின் கடைவீதிகளையும், இரு பாக்கங்களுக்கும் நடுவே விளங்கிய நாளங்காடியையும் விரித்துரைக்கலானார்! அத்தகைய பெருநகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். புகாரின் அழிவுக்குக் காரணம் அதனை நோக்கி வந்த நீர். எமது மட்டக்களப்பின் நடுநகராகிய புளியந்தீவின் கடைத்தெருவோ, தன்னைச் சூழ்ந்திருந்த நீர்வழி பயனற்றுப் போனமையால் வாடியது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம். இவ்வரலாற்றில் முதியோர்க்கு நினைவும் இளைஞர்க்கு ஒரு கடமையும் உண்டு.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை நோக்கி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், வாவியின் மேற்கே விரியும் வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் எமது மக்கள் அழைப்பர். ஞாயிறு எழும் கரையும் ஞாயிறு படும் கரையும் என்பதே பொருள். எழுவான்கரையில் தென்னையும் மீனும் நெசவும். படுவான்கரையில் நெல்லும் தயிரும் தேனும் பாயும். ஒரு கரைக்கு வேண்டியது மறுகரையில் இருந்தது. இவ்விரண்டும் கூடுவதற்கு ஓரிடம் வேண்டுமல்லவா? வாவியின் நடுவே அமைந்த சிறு தீவாகிய புளியந்தீவே அவ்விடமாயிற்று. புளியமரங்கள் நின்றமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். புளியன் என்னும் தலைவன் பெயரால் வந்தது என்பர் வேறு சிலர்.

கடல்வழி வந்தோரும் இத்தீவின் அருமையை உணரத் தவறவில்லை. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலேயே வந்து சேர்ந்தார். போர்த்துக்கேயர் 1628இல் இத்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய துறை இன்றும் காந்தி பூங்காவின் அருகே நினைவுச் சின்னத்தோடு காணப்படுகின்றது. கச்சேரி நெடுங்காலம் கோட்டைக்குள்ளேயே நடைபெற்றது. பாடசாலைகளும் தேவாலயங்களும் ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலும் இச்சிறு நிலப்பரப்பில் நெருங்கி எழுந்தன. இத்தனையும் ஓரிடத்திற் கூடியபின் கடைத்தெரு எழாமல் இருக்குமா?

அக்காலத்தில் வாவியே எமது பெருந்தெரு. வீதிகள் சில இருந்தனவாயினும், மாரியில் அவை சேறாகிவிடும். வள்ளமும் தோணியுமோ எக்காலத்திலும் செல்லும். மண்டூர், குருமண்வெளி, அம்பிளாந்துறை, குருக்கள்மடம் எனத் துறைகள் கரை நெடுகிலும் இருந்தன. காற்றைப் பார்த்துப் பாய் விரித்தும், காற்று இல்லாதபோது மரக்கோல் ஊன்றியும் ஓட்டிகள் நகரை நோக்கி வந்தனர். நெல் மூடைகளும், தயிர்ச் சட்டிகளும், பன்பாய்களும், தேங்காயும், கருவாடும் ஏறி வந்தன. சீலை, சீனி, மண்ணெண்ணெய், இரும்புச் சாமான், மருந்து, பாடப்புத்தகம் முதலியன திரும்பிச் சென்றன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வள்ளத்தில் வந்தவன் நினைத்தவுடன் திரும்ப முடியாது. வள்ளம் புறப்படும் வரையில் அவன் நகரிலே நிற்கத்தான் வேண்டும். கச்சேரியில் ஒரு வேலைக்காக வந்தவன், காத்திருக்கும் நேரத்தில் சீலைக்கடைக்குச் செல்வான், சாப்பாட்டுக் கடையில் உண்பான், தட்டாரிடம் மகளின் காப்பைப் பற்றிப் பேசுவான், வைத்தியரைக் காண்பான், ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்துக் கலியாணப் பேச்சையும் தொடங்கிவிடுவான். ஒரு காரியத்துக்காக வந்தவன் ஐந்து காரியங்களை முடித்துச் சென்றான். புளியந்தீவுக் கடைத்தெருவின் செழிப்புக்குக் காரணம் சரக்கு மட்டுமன்று. மக்கள் அங்கே நின்று கழித்த நேரமுமாகும்.

பொழுதுபோக்கும் இதனையே பின்பற்றியது. முற்காலத்தில் எமது மக்களின் கலை கிராமத்துக் களரியிலே வாழ்ந்தது. அறுவடை முடிந்தபின் அண்ணாவியார் பழக்கிய வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய நடைபெறும். வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு. அதனோடு சேர்ந்த கொம்பு விளையாட்டு. இவற்றைக் காண நகரத்தார் கிராமத்துக்குச் சென்றனர். 1931இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. அதன்பின் படமாளிகைகள் நகரில் எழுந்தன. அன்று முதல் கிராமத்தார் நகரத்துக்கு வரலாயினர். திருவிழா உடுப்போடு குடும்பமாக வந்து, படம் பார்த்து, கடையில் இனிப்பு வாங்கிக்கொண்டு, பாடல்களை முணுமுணுத்தபடி திரும்பிய இரவுகளை முதியோர் இன்றும் மகிழ்ச்சியோடு கூறுவர். ஆடியமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரத்தில் தீர்த்தமாட வருவோர்க்கும் கடைத்தெருவைப் பாராது செல்லுதல் நிறைவளிக்காது.

இவ்வங்காடியின் மற்றொரு சிறப்பும் உண்டு. அது ஒரு சாதியாருக்கோ ஒரு சமயத்தாருக்கோ உரியதன்று. படுவான்கரை உழவரும், காத்தான்குடி முஸ்லிம் வணிகரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை வைத்தோரும், தச்சுவேலை, கொல்வேலை, சப்பாத்து வேலை ஆகியவற்றில் வல்லவரான பறங்கியரும் ஒரே தெருவில் தொழில் செய்தனர். விலை பேசும்போது சண்டையிட்டனர். பேசி முடிந்தபின் ஒன்றாகத் தேநீர் அருந்தினர். ஒருவர் மொழியை ஒருவர் கற்றதும், ஒருவர் பெருநாளை ஒருவர் அறிந்ததும் பள்ளிக்கூடத்தில் அன்று, இத்தெருவிலேதான்.

இனி இறக்கத்தைப் பார்ப்போம். இது போரினால் வந்தது என்று பலர் கருதுவர். போர் பெருங்கேடு செய்தது உண்மை. ஆயினும் தேய்வு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்தது. கொழும்புச் சரக்கு கடல்வழி வரவேண்டிய தேவை அதனால் நீங்கியது. புகையிரத நிலையமோ தீவில் அமையவில்லை, நிலப்பக்கத்தில் அமைந்தது. மானிங் தேசாதிபதியின் மனைவியார் பெயரைத் தாங்கிய கல்லடிப் பாலமும் அக்காலத்தில் எழுந்ததே. அப்பாலம் எழுவான்கரையை இணைத்தது புளியந்தீவோடு அன்று. அரசடிப் பக்கமான நிலக்கரையோடு. ஆகவே கல்முனையிலிருந்து வடக்கே செல்லும் வண்டி தீவைத் தொடாமலே செல்லலாயிற்று.

1958ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பஸ் சேவை அரசாங்க மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. துறைகளில் காத்திருந்த மக்கள் வீதியோரங்களில் காத்திருக்கலாயினர். பஸ்ஸில் வந்தவன் அடுத்த பஸ்ஸிலே திரும்பிவிடலாம். ஐந்து காரியத்துக்கு அவன் நிற்கவேண்டியதில்லை. 1961இல் மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் மக்கள் கச்சேரி அலுவலுக்காகப் புளியந்தீவுக்கு வரவேண்டிய அவசியம் அத்துடன் ஒழிந்தது. கல்முனை தானே ஒரு பெருஞ்சந்தையாக வளர்ந்தது, காத்தான்குடியும் அவ்வாறே.

இது எமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. அமெரிக்காவிலே மினியாப்பொலிஸ் நகரின் அருகே 1956இல் சவுத்டேல் என்னும் மூடிய பேரங்காடி திறக்கப்பட்டது. மோட்டார் வண்டியுடையோர் அதனையும் அதுபோன்ற பிறவற்றையும் நாடிச் செல்லவே, அந்நாட்டின் பல நடுநகரத் தெருக்கள் வெறிச்சோடின. போக்குவரத்து வழி மாறினால் அங்காடியும் மாறும் என்பது உலகெங்கும் காணப்படும் நியதி.

இவ்வாறு வேர் தளர்ந்து நின்ற மரத்தின்மீது புயலும் வீசிற்று. 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் திகதி எழுந்த சூறாவளி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டதோடு தென்னந்தோட்டங்களையும் வீழ்த்தியது. தென்னை வீழ்ந்தால் கையிற் காசு ஏது? காசில்லாதார்க்குக் கடைத்தெரு ஏது? 1982இல் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கியது. படக்காட்சி வீட்டுக்குள்ளே புகுந்தபின் படமாளிகைக்குச் செல்வோர் குறைந்தனர்.

அதன்மேல் வந்தது போர். 1990 ஆனி மாதத்தின் பின் நகரம் இராணுவத்தின் வசமும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் வசமும் ஆயின. இரு கரைகளையும் இணைத்த வாவி இரு கரைகளையும் பிரிக்கும் எல்லையாக மாறிற்று. சோதனைச் சாவடியில் வரிசையாக நின்று, கொண்டுவந்த பையைத் திறந்து காட்டி, பொழுது சாயுமுன் திரும்ப வேண்டிய ஒருவன் கடைத்தெருவில் எங்ஙனம் உலாவுவான்? மாலையில் மக்கள் கூடிய தெரு மாலையிலேயே கதவடைத்தது. அதே ஆண்டு ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர்; புரட்டாதியில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் தமிழர் கொல்லப்பட்டனர். ஒரே தெருவில் தேநீர் அருந்தியோர் ஒருவரை ஒருவர் அஞ்சினர். ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குள்ளேயே கடையைத் தேடிக்கொண்டனர். இக்காயம் சூறாவளியினும் கொடியது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர ஊர்களைச் சிதைத்தது. 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்தது.

அமைதி திரும்பியபின் வணிகமும் திரும்பியது. ஆனால் பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்பவில்லை. வங்கிகளும் பேரங்காடிகளும் கோட்டைமுனைப் பக்கமாகத் திருகோணமலை வீதி நெடுகிலும் வரிசைகொண்டன. 2013இல் கல்லடியில் புதுப்பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நேரே செல்லலாயினர். திராய்மடுவில் புதிய மாவட்டச் செயலகமும் எழுந்தது. புளியந்தீவிலே இன்றும் கடைகள் உண்டு; பகலில் மக்களும் உண்டு. ஆயினும் வாவி நாடு முழுவதும் ஒருங்கு கூடிய பழைய நிலை இல்லை.

பாலங்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பிள்ளைப்பேற்று வேதனையோடு நள்ளிரவில் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்த தாய்மாரை அறிந்தோர் பாலத்தைப் பழிக்கமாட்டார். படுவான்கரைப் பிள்ளை மழைநாளிலும் பாடசாலைக்குச் செல்கின்றது என்றால் அது பாலத்தின் நன்மையே. கடைகள் இடம் பெயர்ந்ததும் பெரிய நட்டமன்று. எங்கு வாங்கினாலும் சீனி சீனியே. நாம் இழந்தது வேறொன்று. உழவனும் வணிகனும், இந்துவும் முஸ்லிமும் கிறித்தவனும், படுவானும் எழுவானும் யாரும் அழைக்காமலே சந்தித்துக்கொண்ட ஒரு பொது இடத்தை நாம் இழந்தோம். இன்று அவரவர் ஊரில் அவரவர் கடை. அவரவர் வீட்டில் அவரவர் திரை. ஒருவரை ஒருவர் அறியாது வளரும் பிள்ளைகளிடையே வதந்தி எளிதிற் பரவும் என்பதை எமது மாவட்டம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுள்ளது.

1981இல் யாழ்ப்பாணத்தில் பொது நூலகமும் கடைகளும் எரிந்தன. 1985இல் சென்னையில் மூர் மார்க்கட் எரிந்தது. அவ்விரண்டையும் மக்கள் இன்றளவும் பேசுகின்றனர். யாழ்ப்பாண நூலகம் மீண்டும் எழுந்தது. நெருப்பைக் கண்ட கண் மறப்பதில்லை. சிறிது சிறிதாகத் தேய்வதையோ எவரும் காண்பதில்லை. ஆகையால் அதற்காக அழுவாருமில்லை. அதனை மீட்க எழுவாருமில்லை.

செய்யக்கூடியது யாது? இளைஞர்காள், முதலாவதாக உங்கள் வீட்டு முதியோரிடம் செல்லுங்கள். எந்தத் துறையில் வள்ளம் ஏறினார்கள், என்ன கொண்டுவந்தார்கள், யாருடைய கடையில் கடன் வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இவ்வேட்டைத் தொகுப்பதற்கு ஒரு வாலிபர் சங்கத்தைவிடத் தகுந்தோர் யார்? முஸ்லிம், கிறித்தவ இளைஞர் மன்றத்தாரையும் உடன் அழையுங்கள். அவர்களுடைய முதியோரிடமும் இதே தெருவின் கதை உண்டு. இரண்டாவதாக, பேராசிரியர் வித்தியானந்தன் 1964இல் இராவணேசன் நாடகத்தால் எமது கூத்துக்கு உலகறியப் புத்துயிர் அளித்தார். அக்கூத்தை ஆண்டுக்கொரு முறையேனும் காந்தி பூங்காவின் கரையிலே ஆடுங்கள். மூன்றாவதாக, துறையிலிருந்து வள்ளங்கள் மீண்டும் ஓட ஆவன செய்யும்படி மாநகர சபையாரைக் கேளுங்கள். சரக்குக்காக அன்று, மக்கள் வந்து கூடுவதற்காக.

முதியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அக்காலம் பொற்காலம் என்று மட்டும் கூறி நிறுத்திவிடாதீர்கள். அக்காலத்துத் துன்பங்களையும் கூறுங்கள். அத்துன்பங்களினிடையே அயலவரோடு எவ்வாறு கூடி வாழ்ந்தீர்கள் என்பதையும் கூறுங்கள். அதுவே எமக்கு வேண்டிய முதுசொம்.

புகாரைக் கடல் கொண்டபின் அதனை மீட்பார் இல்லை. புளியந்தீவோ அழியவில்லை. அதனைச் சூழ்ந்த வாவி இன்றும் அதே இடத்தில் இருக்கின்றது. வாவிக்கு முதுகு காட்டி நிற்கும் நகரம் மறுபடியும் அதனை நோக்கித் திரும்புமாயின், இரு கரையாரும் மீண்டும் ஓரிடத்திற் கூடுவர். அதற்கு வழிகாட்டும் பொறுப்பு இளைஞர் கையிலேயே உள்ளது.