23 கிரவுண்டு வீடும் ரயில்வே வேலையும்

லீவுக்குப் பேரன் அம்பத்தூர் வந்திருக்கிறான். காலில் புது ஷூ. அதன் பக்கவாட்டில், பந்தைத் தூக்கிக்கொண்டு காலை அகட்டிப் பறக்கிற ஒரு மனிதன் படம். விலையைக் கேட்டேன். 1983ல் எஸ்டேட் கம்பெனியில் என்னுடைய ஒரு வருடச் சம்பளமே அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

"இவர்தான் மைக்கேல் ஜோர்டன், தாத்தா. உலகத்துலயே பெரிய பேஸ்கட்பால் பிளேயர். நம்ம ஊர்ல அப்படி யாராவது இருக்காங்களா?" என்றான்.

இருக்கிறார். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஜோர்டனின் கணக்கைப் பார்த்துவிடலாம். நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குக் கணக்கு என்றால் ஒரு தனி ருசி.

1996-97 சீசனுக்கு சிகாகோ புல்ஸ் அணி அவருக்குக் கொடுத்த சம்பளம் சுமார் 3 கோடி டாலர். அன்று ஒரு டாலர் 36 ரூபாய். நம் பணத்தில் 108 கோடி. சீசனில் 82 ஆட்டம், எல்லாவற்றிலும் ஆடினார். ஆட்டத்துக்கு 1 கோடியே 30 லட்சம். அடுத்த வருடம் 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். இத்தனைக்கும் ஆட்டக்காரராக வாழ்நாள் முழுக்க அவர் வாங்கிய மொத்தச் சம்பளம் 10 கோடி டாலரைத் தொடவில்லை. இன்றைக்கு அவர் சொத்து 300 கோடி டாலருக்கு மேல் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை சொல்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு என் பேரன் காலில் இருக்கிற ஷூவிலிருந்து. 1984ல் நைக்கி கம்பெனியோடு கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு கூடைப்பந்து அணியையே வாங்கி, பல மடங்கு லாபத்துக்கு 2023ல் விற்றார்.

அவருடைய வீட்டுக் கதை இன்னும் சுவை. சிகாகோ பக்கத்தில் ஹைலாண்ட் பார்க் என்ற ஊரில் 56,000 சதுர அடியில் மாளிகை. உள்ளேயே கூடைப்பந்து கோர்ட், வாசல் கேட்டில் அவருடைய ஜெர்சி எண் 23. நம் கணக்கில் 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு. வகுத்துப் பாருங்கள், கட்டிடம் மட்டுமே 23 கிரவுண்டு வருகிறது! 2012ல் 2 கோடியே 90 லட்சம் டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வைத்தார். வாங்க ஆளில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, 12 வருடம் கழித்து 2024 கடைசியில் 95 லட்சம் டாலருக்குப் போனது. கொரட்டூரில் அரை கிரவுண்டு விலைபோகாமல் வைத்திருக்கும் என் நண்பருக்கு இதைச் சொன்னேன். அவருக்கு ஒரே ஆறுதல்.

இனி நம் ஊர். 1891ல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நைஸ்மித் என்பவர் கண்டுபிடித்த ஆட்டம் இது. ஒய்.எம்.சி.ஏ. போன இடமெல்லாம் கூடைப்பந்தும் போனது. சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் 1920ல் இங்கே உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. அங்கே படித்துவிட்டு ஊர் ஊராகப் போன பி.டி. மாஸ்டர்களால்தான் நம் பள்ளிக்கூடங்களில் இரண்டு கம்பமும் வளையமும் முளைத்தன.

அப்படி ஆட வந்த சென்னைப் பெண்களில் ஒருவர் அனிதா பால்துரை. 1985ல் பிறந்தவர். 19 வயதில் இந்திய சீனியர் மகளிர் அணிக்கு கேப்டன். 2000லிருந்து 2017 வரை 18 வருடம் நாட்டுக்காக ஆடினார். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப். இந்தியப் பெண்களில் வேறு யாரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கம். குழந்தை பெற்ற பிறகு கோர்ட்டுக்குத் திரும்பினார். 2017ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு நடந்தபோது வயது 32. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளியில் வென்று இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது.

வருமானம்? தெற்கு ரயில்வேயில் உத்தியோகம். அவ்வளவுதான். நம் நாட்டில் பெண்களுக்குக் காசு கொட்டும் கூடைப்பந்து லீக் எதுவும் இருக்கவில்லை. அவரோடு ஆடிய கீது அன்னா ஜோஸ், கேரளத்துப் பெண், அவரும் தெற்கு ரயில்வேதான். ஆஸ்திரேலிய கிளப்புக்கு ஆடினார். 2011ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் மூன்று அணிகள் தேர்வுக்கு அழைத்தன. போய் வந்தார், ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பவும் ரயில்வே.

ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். முகாமுக்கும் போட்டிக்கும் ஸ்பெஷல் கேஷுவல் லீவ், பெரிய பதக்கம் வந்தால் இன்கிரிமென்ட் அல்லது முறைக்கு முந்திய பதவி உயர்வு, குடும்பத்துக்கு பாஸ், உடம்புக்கு வந்தால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. ஆட்டம் நின்ற பிறகும் 60 வயது வரை சம்பளம். (2004க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. அதை எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.) முட்டி தேயும் வயதில் தெருவில் நிற்க வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. பெண்கள் கூடைப்பந்து இந்த நாட்டில் இத்தனை வருடம் உயிரோடு இருந்ததற்குப் பெரிய காரணம் ரயில்வே போட்ட இந்தச் சோறுதான்.

ஆனாலும் 18 வருடம் ஆடியவருக்கு அர்ஜுனா விருது கொடுக்கவில்லை. 2021ல் நேராக பத்மஸ்ரீ வந்தது. நாட்டின் நான்காவது உயரிய விருதுக்குத் தகுதி இருந்தவருக்கு அர்ஜுனாவுக்கு என்ன குறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மகளும் ஏறக்குறைய அதே வயது. ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளி அணியில் ஆடினாள். ப்ளஸ் டூ சமயத்தில் அவளுடைய கோச் வீட்டுக்கு வந்து, "சார், இன்னும் ரெண்டு வருஷம் விடுங்க. ரயில்வேல எடுத்துப்பாங்க" என்றார். "விளையாட்டு சோறு போடுமா சார்?" என்று கேட்டேன். காபி கொடுத்து அனுப்பினோம். பந்து பரணுக்குப் போனது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. இன்ஜினியரிங் படித்து இன்றைக்கு நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து அனிதாவைப் பற்றிப் பேப்பரில் எது வந்தாலும் நான் படித்துவிடுவேன். ஏனென்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பத்மஸ்ரீ அறிவிப்பு வந்த அன்று ராத்திரி போன் செய்தாள். "அப்பா, நியூஸ் பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள்.

பேரனுக்கு அந்த ஷூ அவள் வாங்கிக் கொடுத்ததுதான். லீவு முடியும்வரை காலை ஐந்தரைக்கு அவனை ஸ்கூட்டரில் கோர்ட்டில் கொண்டுபோய் விடுகிறேன்.